ஆள்மாறாட்டம் செய்த கைபேசி

அடுத்த வீட்டுச் சங்கதியில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அட்டுவம்பட்டியில் வீடுகள்தாம் அப்படி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. மூக்கு அதன் இடத்திலேயே இருந்தாலும் அடுத்த வீட்டுக்குள்தான் இருக்கும். அப்படியிருக்க அனிட்டா வீட்டில் குக்கர் சத்தமே இல்லாமல் போனால் எனக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு கட்டு முள்ளங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். சும்மா போனால் நன்றாக இராது.

லேப்டாப்பைத் திறந்துவைத்து, அதன் முன்னால் கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில்கூட அப்படி உட்கார மாட்டார்கள். அங்கே நடுநடுவே காபியாவது வரும்.

“என்ன அனிட்டா, மேலுக்குச் சொகமில்லையா?”

“ரெண்டு வரி ஆன்ட்டி. மேல இருக்கிறதக் கீழ போடணும், கீழ இருக்கிறத மேல போடணும். அவ்வளவுதான். விட மாட்டேங்கிறாங்க.”

“யாரு?”

“மையம்.”

மையம் என்றால் மலைச்சரிவு முன்னறிவிப்பு ஒருங்கிணைப்பு மையம். பெயர்ப்பலகையை முழுதாக எழுதியதில் இரண்டு ஜன்னல் மறைந்துபோன கட்டடம். மலையின் தலையில் மழை கூடுதலாகக் கொட்டினால், மண் சரிவதற்கு முன்னால் கீழே குடியிருக்கிறவர்களை ஓடச் சொல்வது அதன் வேலை. அதற்கு ஓர் இயக்குநர் உண்டு, ஓர் இணை இயக்குநர் உண்டு, இருவருக்கும் தனித்தனி ஜீப் உண்டு. ஓடச் சொல்வதற்கு மட்டும் ஆள் போடவில்லை. அதற்காக ஒரு ப்ரோகிராம் எழுத வைத்தார்கள். எழுதியவள் அனிட்டா. ஒப்பந்த ஊழியர், அதாவது வேலை நிரந்தரம், ஆள் நிரந்தரமில்லை.

ப்ரோகிராம் என்னவோ ஒன்றுதான். ஆனால் அது மூன்று விதமான இயந்திரங்களில் ஓட வேண்டும். ஒன்று, இயக்குநர் மேசையில் இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர். இரண்டாவது, உள்ளறையில் ஏ.சி. போட்டு வைத்திருக்கும் லினக்ஸ் சர்வர். கொடைக்கானல் குளிரில் ஏ.சி. எதற்கு என்று கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டாயிற்று. மூன்றாவது, சரிவுகளுக்குக் கீழே உள்ள ஊர்களில் காவலுக்கென்று நியமித்திருக்கும் கூலிக்காரப் பெண்களிடம் கொடுத்த ஆண்ட்ராய்டு கைபேசி. அபாயம் என்றால் இயக்குநர் திரையில் ஒரு பெட்டி எழும்பிச் சேதி சொல்ல வேண்டும். சர்வர் அதை ‘எச்சரிக்கை வெற்றி’ என்று குறிப்பெழுதி அவருக்கு அனுப்ப வேண்டும். கைபேசி மட்டும் தெருவே எழுந்து ஓடுகிற மாதிரி சங்கு ஊத வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரே ப்ரோகிராமில் எழுதிவைத்து, தலைப்பில் சில கேள்விகளை நிறுத்துவார்களாம். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதைத் தயார் செய்யும்போது கேட்கிற கேள்வி. ‘இது விண்டோஸுக்கா?’ ஆம் என்றால் அந்தப் பங்கை வைத்துக்கொண்டு மற்ற பங்குகளை வெட்டி எறிந்துவிடும். இல்லையென்றால் அடுத்த கேள்வி. கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் ஒருத்தர் நின்று கேட்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்விக்கு முதலில் தலையாட்டுகிறீர்களோ அந்தப் பந்தியில் உங்களை உட்கார்த்திவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் பிரியாணி வாசம் வந்தாலும் எழுந்திருக்க முடியாது.

இதிலே ஒரு வில்லங்கம். ஆண்ட்ராய்டு என்பது லினக்ஸ் குடும்பத்துப் பிள்ளை. ‘லினக்ஸா?’ என்றாலும் ஆம் என்னும், ‘ஆண்ட்ராய்டா?’ என்றாலும் ஆம் என்னும். இரண்டும் உண்மை. ஆகையால் ஆண்ட்ராய்டா என்பதை முந்திக் கேட்டுவிட வேண்டும். லினக்ஸை முந்திக் கேட்டால் கைபேசி போய் சர்வர் பந்தியில் உட்கார்ந்துவிடும். சங்கு ஊதாது. சர்வர் மாதிரியே, யார் காதிலும் விழாமல், தனக்குள் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்.

அனிட்டா முதலில் சரியாகத்தான் எழுதியிருந்தாள். கெட்டது திட்டத்தின் திறப்பு விழாவால்.

விழாவுக்கு முந்தின ஒத்திகையில், மையம் என்ன சாதித்திருக்கிறது என்று காட்டுவதற்காக அந்த ப்ரோகிராமை அப்படியே பெரிய திரையில் போட்டார்கள். இயக்குநர் டாக்டர் சேனாதிபதி கண்ணாடியை ஏற்றிப் படித்தார். அவர் முகம் மாறிவிட்டதாம்.

“ஏம்மா, என்ன வரிசை இது?”

“எந்த மெஷின்னு கண்டுபிடிக்கிற இடம் சார் அது.”

“அது இருக்கட்டும். மொத ஆளா யாரு நிக்கிறது? கூலிக்காரங்க போன். அடுத்தது சர்வர். டைரக்டர் கம்ப்யூட்டர் எங்க? கடைசியில. நாளைக்கு மேடையில இப்படித்தான் கூப்பிடுவீங்களா? மொதல்ல வாட்ச்மேனுக்குப் பொன்னாடை, மிச்சம் இருந்தா எனக்கா?”

நம் ஊரில் பொன்னாடை வரிசை என்பது லேசுப்பட்ட காரியமில்லை. முன்பு ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் இரண்டாவதாகப் போர்த்த வேண்டியவருக்கு மூன்றாவதாகப் போர்த்திவிட்டார்கள் என்று இரண்டு அலுவலகங்களுக்கு இடையே தண்ணீர்க் குழாய் இணைப்பே துண்டிக்கப்பட்டது. ஆகவே மையத்தின் இணை இயக்குநர் இராமலிங்கம் எழுந்து, பதவி வரிசையை ஒப்பித்தார்: முதலில் இயக்குநர் கம்ப்யூட்டர், அடுத்தது தம் பொறுப்பில் இருக்கிற சர்வர், கடைசியில் இதர கருவிகள். அனிட்டா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதம் அது. வாயை மூடிக்கொண்டு, நின்ற வாக்கிலேயே வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டாள்.

“அப்புறமா எடுத்துச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன் ஆன்ட்டி” என்றாள் என்னிடம், முள்ளங்கியைப் பார்த்துக்கொண்டே.

நான் முள்ளங்கி கொடுத்த மறுவாரம், ஊர்களில் அபாய ஒத்திகை வைத்தார்கள். மையத்திலிருந்து பொய் அபாயம் ஒன்றை அனுப்பினார்கள். இயக்குநர் திரையில் ஊர் ஊராகச் சேதி வந்து விழுந்தது: ‘எச்சரிக்கை வெற்றி’, ‘எச்சரிக்கை வெற்றி’. லட்டு கொடுத்தார்கள், அனிட்டா எனக்கும் ஒன்று கொண்டுவந்தாள், நெய் பரவாயில்லை. லட்டு பாதியில் இருக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. பேத்துப்பாறையில் காவல் பொறுப்பில் இருக்கும் முருகேஸ்வரி. சரிவின் அடிவாரத்தில் வீடு; பீன்ஸ் தோட்டத்தில் கூலி. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். லட்டு சாப்பிடுகிற கையால் போனைப் பிடித்துக் காதில் வைக்க முடியாது பாருங்கள்.

“ஏம்மா அனிட்டாம்மா, இன்னைக்கு ஒத்திகைன்னாங்கன்னு சோலிக்கும் போகாம, வெள்ளனேயிருந்து போனக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு முக்கல் முனகல் இல்ல. இது என்ன, ஊமையா?”

அனிட்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “இல்லக்கா... அது எழுதிக்கிட்டு இருக்கு.”

“என்னத்த எழுதுது?”

“சத்தம் போட்டேன்னு.”

“அடி ஆத்தி! போடாமயே போட்டேன்னு எழுதுதா? அப்ப சரிதான், இது ஆபீஸ்காரப் போனு.” சிரித்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வெளையாட்டு இல்லம்மா. மேல கொட்டுறது இங்க இருக்கிற எங்களுக்குத் தெரியாது. இங்க வெயிலு அடிச்சிக்கிட்டுக் கெடக்கும். பக்கத்து வீட்டுச் சோலையம்மாக்காவுக்கு முட்டி மடங்காது, நாந்தான் தூக்கிட்டு ஓடணும். சங்கு கேட்டா வாசலுக்கு வந்து நில்லுக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சாப் போதும் எனக்கு. எப்படியாச்சும் அதச் சத்தம் போட வையி தாயி.”

அனிட்டாவே உட்கார்ந்து மாற்றிவிடலாமே என்றேன். முடியாதாம். மையத்தின் முத்திரை இல்லாத ப்ரோகிராமை அந்தக் கைபேசிகள் ஏற்காது. முத்திரை ஒரு பென்டிரைவில் இருக்கிறது. பென்டிரைவ் இராமலிங்கத்தின் பீரோவில் இருக்கிறது. பீரோச் சாவி அவர் இடுப்பில், அவர் பூணுகிற ஒரே நகை மாதிரி தொங்குகிறது.

மறுநாள் அவரிடம் போய் நின்றாள். இயக்குநர் கம்ப்யூட்டரின் இடத்தைத் தொட வேண்டாம், அது முதலிலேயே நிற்கட்டும், விண்டோஸ் என்று கேட்டால் வேறு யாரும் தலையாட்டப்போவதில்லை. பின்னால் இருக்கிற இரண்டை மட்டும் இடம் மாற்றினால் போதும் என்று கெஞ்சியிருக்கிறாள்.

“அதாவது, என் சர்வர் போனுக்குப் பின்னால நிக்கணும்” என்றார் இராமலிங்கம். “லினக்ஸ் இந்த மையத்துல எப்ப சேர்ந்துச்சு? பால் காய்ச்சின அன்னைக்கு. ஆண்ட்ராய்டு எப்ப வந்துச்சு? டெண்டரெல்லாம் முடிஞ்சு, பின்னாடி, அட்டைப்பெட்டியில. ஜூனியரை முந்திக் கேட்டுப் பழக்கினா, நாளைக்கு டிரைவர் என்னைத் தாண்டிக் கையெழுத்துப் போடுவான்.”

“சார், போன் சத்தமே போடலை.”

“ரிப்போர்ட்டுல வெற்றின்னு இருக்கே.”

“அந்த ரிப்போர்ட்டையும் அந்தப் போனேதான் சார் எழுதுது.”

இராமலிங்கம் நெகிழ்ந்துவிட்டார். “பாத்தீங்களா? யாரும் சொல்லிக் கொடுக்காம நிர்வாகத்தைக் கத்துக்கிடுச்சு. அதைப் போயி மாத்தணும்ங்கிறீங்க.”

இருந்தாலும் அவர் மனிதர், குழுவைக் கூட்டினார். குழுவில் அனிட்டா எல்லாவற்றையும் பலகையில் படம் போட்டு விளக்கினாள். டாக்டர் சேனாதிபதி கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு ஒன்று புரிந்தது.

“அப்ப அந்தப் போன், லினக்ஸான்னு கேட்டா ஆமான்னு சொல்லுதா?”

“ஆமா சார். அடிப்படையில அதுவும் லினக்ஸ்தான்.”

“அடிப்படையில நாம எல்லாரும் மனுஷங்கதாம்மா. அதுக்காக ஒருத்தன் என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு நான்தான் டைரக்டர்னு சொல்லலாமா? ஒரு ஊழியர் ஒரே நேரத்துல ரெண்டு பதவி வகிக்க முடியாது. இது ஆள்மாறாட்டம்.”

“அது பொய் சொல்லலை சார். கேக்கிற வரிசைதான் தப்பு.”

“கேக்கிறவன் ஒருநாளும் தப்பாக மாட்டான். பதில் சொல்றவன்தான் தப்பாவான். நான் சர்வீஸ் முழுக்கக் கேக்கிற பக்கம் இருந்தவன், எனக்குத் தெரியும்.”

ஒத்திகையில் ஊமையாக இருந்ததாக முதலில் புகார் சொன்னது பேத்துப்பாறை என்பதால், விசாரணையையும் பேத்துப்பாறைக் கைபேசியிலிருந்து தொடங்குவதென்று முடிவாயிற்று. கைபேசிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போனது. அது பதில் எழுதாது என்பதை இராமலிங்கம் சுட்டிக்காட்டியதால், அதன் பொறுப்பாளர் முருகேஸ்வரி கைபேசியுடன் நேரில் வர வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

விசாரணை நாளன்று காலையிலேயே வானம் மூடிக்கொண்டது. அனிட்டா குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கதவோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. காலியாக இருக்கிற நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை.

முருகேஸ்வரி முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாளாம். நனைந்த சேலை, கையில் செருப்பு. கைபேசியைக் கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தார்கள். சுவரில் இயக்குநரின் கம்ப்யூட்டரிலிருந்து படம் விழுந்தது: ‘கருவிகளில் ஒழுக்கக்கேடு: ஓர் அறிமுகம்’.

“இந்தக் கைபேசி உங்கள் பொறுப்பில் இருந்த காலத்தில், தன்னை லினக்ஸ் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டதுண்டா?” என்று ஆரம்பித்தார் இராமலிங்கம். விசாரணை என்பதால் எழுத்துத் தமிழ்.

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. அது வாயத் தொறந்தாத்தான் பிரச்சினையே இல்லியே.”

“வெளியாட்களோடு பழக்கம்?”

“பகல்ல என் மடியில கெடக்கும். ராத்திரி சார்ஜர்ல கெடக்கும். ஒழுக்கமாத்தாங்க இருந்துச்சு.”

“பிறகு சர்வர் செய்ய வேண்டிய வேலையை அது ஏன் செய்தது?”

“எனக்கென்னங்கய்யா தெரியும்? எஞ்சோலிய நீங்க யாராச்சும் செஞ்சா நான் ஏன்னு கேக்க மாட்டேன்.”

வெளியே மழை வலுத்துத் தகரக் கூரையில் அறைந்தது. அப்போது சுவரில், ஒழுக்கக்கேட்டுக்கு நட்ட நடுவில், ஒரு வெள்ளைப் பெட்டி எழும்பியது. ‘அபாயம்: பேத்துப்பாறை மேல்சரிவு’ என்று இருந்தது. அதற்குக் கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான்.

“படத்தை மறைக்குது சார்” என்றார் இராமலிங்கம்.

டாக்டர் சேனாதிபதி ‘சரி’யை அழுத்தினார். பெட்டி போய்விட்டது. அடுத்த கேள்வி பாதியில் இருக்கும்போது மறுபடி எழும்பியது. மறுபடி ‘சரி’.

ஸ்டூல்மேல் கைபேசி கிடந்தது. அதன் விளக்கு ஒருதரம் மினுங்கி அணைந்தது. எழுதி முடித்துவிட்டது போல.

“அது எங்க ஊருப் பேரால்ல போட்டிருக்கு?” என்றாள் முருகேஸ்வரி.

“உங்களைத்தானே விசாரிக்கிறோம். அதனால் பெயர் வருகிறது” என்றார் இராமலிங்கம்.

அனிட்டா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “அக்கா, அது நெசம்க்கா! அங்க யாருக்காவது போன் போடுங்க!”

முருகேஸ்வரி ஸ்டூலுக்குப் பாய்ந்தாள். “சான்றுப் பொருளைத் தொடக்கூடாது!” என்று இராமலிங்கம் குறுக்கே கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு எடுத்தாள். எடுத்துவிட்டு அப்படியே நின்றாள். பேத்துப்பாறையில் அவள் வீட்டு வரிசையில் வேறு யாரிடமும் போன் கிடையாது. இருந்த ஒன்று அவள் கையில் இருந்தது.

இருவரும் மழையில் ஓடினார்கள். கொடுக்க வந்த குடை என் மடியிலேயே இருந்தது.

பெருமாள்மலைப் பக்கம் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. ஒரு காய்கறி வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு, போக முடிகிற வரைக்கும் போயிருக்கிறார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முருகேஸ்வரியின் வீட்டில் அடுப்படிச் சுவர் ஒன்றுதான் நின்றதாம். தெருவில் மற்றவர்கள் எல்லாரும் தோட்டத்து வேலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். சோலையம்மாள் மட்டும் வீட்டில் இருந்திருக்கிறாள். ஞானவேல் என்கிற தோட்டத்துக்காரரும் அவருடைய ஆட்களும் மண்ணை வாரி அவளை வெளியே எடுத்திருந்தார்கள். உயிர் இருந்தது. இடுப்பு நொறுங்கியிருந்தது.

முருகேஸ்வரியைப் பார்த்ததும் அவள் சொன்ன ஒரே பேச்சை அனிட்டா என்னிடம் சொன்னாள். ஒரே தரம்தான் சொன்னாள். நான் திரும்பக் கேட்கவில்லை, நானே.

“சத்தம் கேக்கலியேன்னுதான் முருகேசு உள்ளயே இருந்தேன்.”

அடுத்த வாரம் மையத்தில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் சேனாதிபதி பேசினார்.

“உயிரிழப்பு இல்லை. இதை நான் அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். முருகேஸ்வரி என்ற சகோதரியின் வீடு முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் அவர் அந்த வீட்டில் இல்லை. ஏன் இல்லை? இங்கே விசாரணையில் இருந்தார். மையம் அவரைக் குறித்த காலத்தில் அப்புறப்படுத்தியிருக்கிறது! நம்முடைய எச்சரிக்கை முறை வேலை செய்யவில்லை என்று இனி யார் சொல்ல முடியும்? கைபேசியும் அன்றைய தினம் தன் கடமையைச் செய்து, வெற்றி என்று பதிவிட்டிருக்கிறது. ஆகவே அதன் மீதான ஆள்மாறாட்டக் குற்றச்சாட்டைக் கருணையோடு கைவிடுகிறோம்.”

சோலையம்மாளைப் பற்றி ஒருவர் கேட்டார். அவர் விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் அல்லர், அதனால் இந்தத் திட்டத்தின் பயனாளியும் அல்லர் என்று இராமலிங்கம் தெளிவுபடுத்தினார்.

கூட்டம் கலைந்ததும் அனிட்டா மறுபடியும் அந்த இரண்டு வரியோடு போய் நின்றிருக்கிறாள். “ஜெயிச்ச குதிரைக்கு யாரும் லாடத்தை மாத்துவாங்களா?” என்று கேட்டாராம் இயக்குநர். அன்றைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதானே என்று நான் சத்தம்போட்டேன்.

“நான் வந்துட்டா, எந்த ரெண்டு வரின்னு தெரிஞ்ச ஆளு உள்ள ஒருத்தரும் இல்ல ஆன்ட்டி” என்றாள். அவள் வீட்டில் இப்போது குக்கர் சத்தம் கேட்கிறது. சாப்பிடுகிற சத்தம்தான் கேட்பதில்லை.

ஐப்பசி பிறந்து, மறுபடி ஒருநாள் பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. சந்தைக்குப் போன நான் மையத்தின் வழியாகத் திரும்பினேன். அது கொஞ்சம் சுற்று வழிதான். வாசலில் ஒரு காய்கறி வண்டி வந்து நின்றது. அதிலிருந்து பேத்துப்பாறையில் அந்த வரிசை வீட்டு ஜனம் முழுவதும் இறங்கியது. பாய், தலையணை, பால்மாடு ஒன்று, கூடையில் கோழிகள், பிளாஸ்டிக் குடத்தில் குழம்பு. சோலையம்மாளைக் கயிற்றுக் கட்டிலோடு இறக்கினார்கள். கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போய்க் கூடத்தில் பாயை விரித்தார்கள். மாட்டை இராமலிங்கத்தின் ஜீப்பில் கட்டினார்கள்.

அனிட்டா ஓடிவந்து கட்டிலின் ஒரு காலைப் பிடித்தாள். சத்தம் கேட்டு டாக்டர் சேனாதிபதி அறையிலிருந்து வெளியே வந்தார்.

“என்ன இது? யாரு உங்களையெல்லாம் கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடலீங்கய்யா. நாங்களாத்தான் விசாரணைக்கு வந்துட்டோம்” என்றாள் முருகேஸ்வரி. மடியிலிருந்த கைபேசியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “இந்தப் போனு மறுபடியும் தப்புப் பண்ணிருச்சு.”

“என்ன தப்பு?”

“அத நீங்கதானய்யா கேட்டுக் கண்டுபிடிக்கணும்” என்று சொல்லிவிட்டு, சோலையம்மாளின் காலடியில் உட்கார்ந்தாள். “ஒண்ணும் அவசரமில்ல. மழை விடுற வரைக்கும் கேளுங்க.”